என்ஜின் சூடு

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் அந்தப் பெருமை உங்களுக்குப் போய்விடும். அதை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? வேலையிலிருந்து நானும், தலையிலிருந்து முடியும் ஓய்வு பெற்ற பிறகு, இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு விழுப்புரம் பஸ் நிலையத்தில் நின்றவன் நான். அடிவயிற்றில் இருக்கிற கோளாறு கால் நகத்தின் வழியாக இறங்கிப் போய்விடும் என்று நம்பினேன். பூ விற்கிற அம்மா ஒருத்தி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, நலங்கு வச்சாங்களா?"

"இல்லம்மா, சூடு."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அதுக்கு ரெண்டு கால்லயும் தடவக் கூடாதுங்க. ஒரு கால்தான்" என்று திருத்தினாள். நான் அங்கேயே குனிந்து இடது காலைத் துடைத்தேன். என் புத்திக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் யாரும் கொடுக்க முடியாது.

எங்கள் பக்கத்தில் ஆம்பளைக்கு மூத்திரம் கடுத்தால் சூடு. அடிக்கடி வந்தால் சூடு. சொட்டுச் சொட்டாக வந்தால் சூடு. வராமல் நின்றாலும் சூடுதான். நோய் எத்தனை வேஷம் போட்டு வந்தாலும் நாங்கள் வைத்திருக்கிற பெயர் ஒன்றே ஒன்று. அந்தப் பெயரைச் சொன்னால் எதிராளி மேலே எதுவும் கேட்க மாட்டான். இளநீர் குடி என்பான், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி என்பான், சுண்ணாம்பு தடவு என்பான், தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். கேட்டவனுக்கும் நிம்மதி, சொன்னவனுக்கும் நிம்மதி.

சுண்ணாம்பு வைத்தியத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இப்போது திண்டிவனத்தில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறார். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வழக்கம்போல என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்.

அவர் டிரைவர், நான் கண்டக்டர். அரசு பஸ்ஸில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கையில் பெரும்பகுதி போனது. என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னை, நல்ல மனநிலையில் இருந்தால் 'டேய்' என்பார். கோபமாக இருந்தால் 'கண்டக்டர் சார்' என்பார். பஸ்ஸில் என்ஜின் அவருடைய இடது காலுக்குப் பக்கத்தில், ஒரு தகர மூடிக்குக் கீழே கொதித்துக்கொண்டிருக்கும். சித்திரை வைகாசியில் அந்த மூடியின் மேல் கேப்பை அடை சுடலாம். "இந்தச் சூடு தொடை வழியா ஏறி அடிவயித்துல போயி உக்காந்துக்குதுடா" என்பார். டிரைவர்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள். என்ஜின் சூடு என்பது அவர்களுக்குச் சம்பளத்தோடு வருகிற படி மாதிரி.

எங்களுக்குள் ஒரு ரகசிய வார்த்தை இருந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "டயர் பாக்கணும்" என்பார். நான் ஒரு விசில் அடிப்பேன். வண்டி ஓரமாக நிற்கும். இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்குவார். முன் டயரை டங் டங்கென்று இரண்டு தட்டு, பின் டயரை இரண்டு தட்டு, பிறகு அங்கிருந்து நேராகப் புளியமரத்துக்குப் பின்னால் போய்விடுவார். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்: "இந்த டிரைவரு வண்டின்னா தைரியமா தூங்கலாம். அப்பப்ப எறங்கி டயர் பாக்கறாரு பாருங்க."

நாலுவழிச் சாலை போட்டபோது அந்தப் புளியமரங்களை வெட்டினார்கள். ஊரே நிழல் போய்விட்டது என்று வருத்தப்பட்டது. எங்கள் வருத்தம் வேறு.

மரம் போனபின் அவர் அடக்கிக்கொள்ளப் பழகினார். நானும்தான். அடக்குகிறவன்தான் ஆம்பளை என்று எங்களுக்குள் ஒரு போட்டியே நடக்கும். திண்டிவனம் பஸ் நிலையத்தில் இறங்கி, கழிப்பிடத்தை நோக்கி ஓடாமல், ஒரு டீ குடித்துவிட்டு மெதுவாகப் போகிறவன் ஜெயித்தவன். அந்தப் போட்டியில் பெரும்பாலும் அவர்தான் ஜெயித்தார். டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, நெற்றியில் வேர்வை துளிர்க்க, "இன்னொரு டீ சொல்லேன்" என்பார். நான் ஓடுவேன்.

அவர் முதலில் ஓய்வு பெற்றார். பிறகு நான். வெள்ளிக்கிழமை தோறும் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். திண்டிவனத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. வாசல் வேப்பமரத்துக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவோம். அண்ணி அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், தட்டில் கொண்டுவந்து வைப்பார். வெய்யில் காலமாக இருந்தால் மோர். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் மூத்திரத்துக்கு வந்துவிடும். வயது அப்படி.

"நான் போயி நின்னன்னா, வர்றதுக்குள்ள ரெண்டு டவுன் பஸ்சு போயிடுதுடா."

"பரவால்லண்ணே. எனக்கு எக்ஸ்பிரஸ்சே போயிடுது."

"அதுவும் ஒரேயடியா வர்றதில்ல. ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நின்னு நின்னு வருது."

"டவுன் பஸ் டிரைவரா பொறந்திருக்க வேண்டியவரு நீ."

இப்படித்தான் பேசுவோம். மோர் மேலே கொட்டும்படி சிரிப்போம். அண்ணி தட்டை எடுக்க வந்து, எடுக்காமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் உள்ளே போய்விடுவார். ஆம்பளைகள் அசிங்கமாகப் பேசுகிறார்கள் என்று கூச்சப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னும் அசிங்கமாகப் பேசுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் மல்லாட்டையை உரித்துக்கொண்டே, வெய்யிலைப் பற்றிப் பேசுகிற குரலில், "இன்னிக்கு காலைல செவப்பா போச்சுடா" என்றார்.

"செவப்பான்னா?"

"செவப்புன்னா செவப்புதான். சிக்னல் லைட்டு மாதிரி. நேத்து உங்க அண்ணி பீட்ரூட்டு பொரியல் பண்ணா. அதான்."

"நல்லவேளை, கீரை கடையல. பச்ச லைட்டு எரிஞ்சிருக்கும், வண்டிய எடுத்துக்கினு போயிட்டிருப்ப."

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வர சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போதே அவருக்கு இடுப்பு வலி இருந்தது. அதற்கும் அவரிடம் காரணம் தயாராக இருந்தது: டிரைவர் சீட்டு. இத்தனை வருஷம் அந்தச் சீட்டில் குலுங்கினால் இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? உடம்பு இளைத்ததற்கும் காரணம் இருந்தது: ஓய்வு பெற்றபின் ஓட்டல் புரோட்டா கிடையாது. எல்லாவற்றுக்கும் பஸ்ஸே காரணம். அந்த மனுஷனின் உடம்பில் நடந்த ஒன்றுக்குக்கூட அவர் உடம்பு காரணமில்லை.

கதவு நிலையில் அன்றைக்கும் அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு நேர்ந்தது அதற்குச் சில மாதம் கழித்து. வெய்யில் கொளுத்திய ஒரு வெள்ளிக்கிழமை, சூடு தணியட்டும் என்று பஸ் ஏறுவதற்கு முன் இரண்டு இளநீர் குடித்தேன். மடையன் என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா? இடையில் எங்கும் நிற்காத வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். விக்கிரவாண்டி வருவதற்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. தட்டுத் தடுமாறி முன்னால் போய்க் கண்டக்டரிடம் பழக்கதோஷத்தில், "தம்பி, டயர் பாக்கணும்பா" என்றேன்.

"டயரெல்லாம் நல்லாத்தான் இருக்குது, போய் உக்காருங்க" என்றார் அவர்.

பிறகு தமிழில் விளக்கமாகச் சொன்னேன். டோல்கேட் தாண்டி நிறுத்தினார்கள். இறங்கி ஒரு முள்வேலி ஓரமாக நின்றேன். நின்றேன். ஒரு சொட்டு இல்லை. பஸ் ஹாரன் அடித்தது. ஜன்னல்களிலிருந்து என் முதுகை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. எத்தனை பேரை டிக்கெட் இல்லை என்று நடுவழியில் இறக்கிவிட்டிருப்பேன்! இப்போது என்னையே விட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கையை ஆட்டினேன். வண்டி போய்விட்டது. வலி எப்படி இருந்தது என்று எழுத வராது. ஆட்டோக்காரர் ஒருவர் என்னைப் பின்சீட்டில் படுக்கப்போட்டு விழுப்புரத்துக்குத் திருப்பினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவருடைய அம்மாவைக் கூப்பிட்டேன், என் அம்மா போதாமல்.

ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். போட்ட மறு நிமிஷம் எனக்குக் கிடைத்த ஆனந்தம் என் கல்யாணத்தன்றுகூடக் கிடைக்கவில்லை. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த என் வீட்டுக்காரியிடம் அதை அப்படியே சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டாள்.

டாக்டர் ஒரு பெண். என் மகள் வயது இருக்கும்.

"எவ்வளவு நாளா இந்தத் தொந்தரவு?"

"கொஞ்ச வருஷமாங்கம்மா. சூடு. என்ஜின் சூடு."

"டிரைவரா?"

"கண்டக்டர்."

"கண்டக்டருக்கு எப்படி என்ஜின் சூடு?"

இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. "காத்துல பின்னாடி வரும்மா" என்றேன்.

"இப்பவும் வேலைல இருக்கீங்களா?"

"இல்லம்மா, ரிடையர் ஆயிட்டேன்."

"என்ஜினை நிறுத்தி இவ்வளவு வருஷம் ஆச்சு, இன்னுமா ஆறலை?"

நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீர் வருகிற பாதையைச் சுற்றி ஆம்பளைகளுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். வயதாக ஆகப் பெரும்பாலோருக்கு அது வீங்கும், பாதையை நெருக்கும், அதனால்தான் இந்த அவஸ்தை எல்லாம். அது வெறும் வீக்கமாகவே இருக்கலாம். சிலருக்கு மட்டும் உள்ளே புற்று இருக்கும். ஆரம்பத்தில் வலிக்காது, சொல்லாது. சொல்ல ஆரம்பிக்கிறபோது சில சமயம் எலும்புவரைக்கும் போயிருக்கும். இடுப்பு வலி என்பார்கள், உடம்பு இளைக்கும், ரத்தம் போகும். அதனால்தான் ஐம்பது தாண்டியதுமே ஒருதரம் டாக்டரிடம் வந்து பேசிவிட வேண்டும், தேவைப்பட்டால் ரத்தத்தில் ஒரு பரிசோதனை, கையால் ஒரு பரிசோதனை. அவ்வளவுதான். கையால் செய்த பரிசோதனையைப் பற்றி மேற்கொண்டு எழுத மாட்டேன். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை எல்லா ஸ்டாப்பிங்குகளையும் மனதுக்குள் சொன்னேன். விக்கிரவாண்டியிலேயே முடிந்துவிட்டது. இதற்குத்தானா இத்தனை வருஷம் பயந்தேன் என்று இருந்தது.

ரத்தப் பரிசோதனையை டியூப் எடுத்துச் சில வாரம் போனபிறகுதான் செய்ய வேண்டும், இப்போது செய்தால் கணக்குத் தப்பாகக் காட்டும் என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் என் காதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பு வலி. இளைப்பு. ரத்தம். படத்தில் இருந்தது என் சுரப்பி. டாக்டர் சொன்னதோ வரிக்கு வரி அண்ணன்.

டியூப் எடுத்ததும் முதல் வேலையாகத் திண்டிவனம் போனேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார்.

"வாடா. டியூப் போட்டாங்களாமே? டீசலா, பெட்ரோலா?"

"நக்கல் பண்ணாதண்ணே. வா, உனக்கும் பாத்துடலாம்."

"எனக்கு இன்னாத்துக்கு? எனக்கு சூடு."

"சூடுன்னு ஒண்ணு இல்லவே இல்லியாம்ண்ணே."

"யார் சொன்னது?"

"டாக்டரம்மா."

"அம்மாவா? பொம்பள டாக்டரா?" நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போடா டேய். என் பொண்ணு வயசு இருக்கும். அதுங்கிட்ட போயி இன்னான்னு சொல்றது? டயர் பஞ்சர்னா?"

நான் அழுதாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று வந்தவன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், அப்படியே பழகிவிட்டது. சிரித்தபின் கெஞ்ச முடியாது. கெஞ்சினாலும் அவர் நம்ப மாட்டார்.

ஆகவே ஒரு பொய் சொன்னேன். எனக்கு ரத்தம் எடுக்கிற நாள் வருகிறது, பயமாக இருக்கிறது, துணைக்கு வா என்றேன். உடனே பெல்ட்டை இறுக்கிக் கட்டினார். "என்னிக்காவது உன்ன ஏத்தாம வண்டிய எடுத்திருக்கனாடா? சொல்லு, எந்தத் தேதி?" என்றார். அண்ணி உள்ளேயிருந்து, "போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க" என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு விசில் மாதிரி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அறையின் திறந்த கதவுக்கு எதிரே எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோதே அவர் மறுபடியும் மறுபடியும் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். கூப்பிட்டதும் என்னோடு உள்ளே வந்து, துணைக்கு வந்தவருக்கு உரிய கம்பீரத்தோடு சுவரோரம் நின்றார். என்னைப் பார்த்து முடித்துவிட்டு, டாக்டர் சாதாரணமாக அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க வெளிய நாலஞ்சு தடவ எழுந்து போனீங்களே, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா. டயர் பாக்கப் போனேன்."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"என்ன டயர்?" என்றார் டாக்டர்.

நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். புளியமரம், இடுப்பு பெல்ட், டவுன் பஸ், பீட்ரூட். சொல்லும்போது எங்கேயாவது அந்த அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவே இல்லை. "பீட்ரூட் எத்தனை தடவை?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு மூணு தடவ இருக்கும்மா" என்றார். எனக்கு ஒரு தடவைதான் தெரியும்.

"பாத்துடலாமாய்யா?" என்று டாக்டர் கேட்டார். அவர் பெல்ட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் வெளியே வந்துவிட்டேன். கதவுக்கு வெளியே நின்று, அவருக்காக, விழுப்புரத்திலிருந்து ஸ்டாப்பிங்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். திண்டிவனம் வந்து, மேல்மருவத்தூர் வந்து, செங்கல்பட்டும் வந்துவிட்டது. கதவு திறக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ரத்தம் எடுத்தார்கள். சதை எடுத்துப் பார்த்தார்கள். பாண்டிக்கு அனுப்பி எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எல்லாம் வந்தபின் மறுபடியும் அதே அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். இடுப்பெலும்பில் இருக்கிறது, முதுகெலும்பிலும் இருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டு அடக்கி வைக்கலாம், வலியைக் குறைக்கலாம், கொஞ்ச காலம் நன்றாகவே போகலாம். அப்புறப்படுத்த முடியாது.

"என்ஜின எறக்கிப் பாக்க முடியாதாம்மா?" என்றார் அண்ணன்.

"முடியாதுங்கய்யா."

"எப்ப வந்திருந்தா முடிஞ்சிருக்கும்?"

அந்த அம்மா மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். ஏற்கனவே போட்டுத்தான் இருந்தது. "முன்னாடிங்கய்யா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். யார் ஓட்டினாலும் எழும்பி எழும்பி டிரைவரின் கையைப் பார்ப்பது அவர் வழக்கம். கியர் மாற்றுவது பிடிக்காவிட்டால் உச்சுக் கொட்டுவார். அன்றைக்குக் கியர் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியும் திரும்பவில்லை. மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த கரும்பு வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் கேட்டார்.

"உன்னுது இன்னா ஆச்சு?"

என்னுடையது வெறும் வீக்கம். மாத்திரை போதும், வருஷத்துக்கு ஒருதரம் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பல நாளாக அந்தச் செய்தியைத் திருட்டுப் பொருள் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் கொஞ்சம் இருக்குதாம்ண்ணே" என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். "உனக்குப் பொய் சொல்லத் தெரியாதுடா. செக்கிங்காரன் ஏறினாலே உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்." பிறகு என் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார், டயரைத் தட்டுவது மாதிரி. "நல்லாயிரு" என்றார். அந்த இரண்டு தட்டுக்குப்பின் அவர் கை அங்கேயே இருந்தது. திண்டிவனம் வரும்வரை எடுக்கவில்லை.

ஊசி போட ஆரம்பித்தார்கள். முதலில் வலி குறைந்தது. வேப்பமரத்தடிக்கு நாற்காலிகள் திரும்ப வந்தன. ஆனால் அந்த ஊசியில் ஒரு குணம் இருக்கிறது: உள்ளேயிருந்து குப்பென்று அனல் கிளம்பும். முகம் சிவக்கும், மழை நாளிலும் வேர்த்து ஊற்றும். மருந்து வேலை செய்வதால் வருவதுதான், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் துண்டால் விசிறிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தியாடா? இத்தினி வருஷமா சூடு சூடுன்னு பொய்யா சொல்லிக்கினு இருந்தேன். இப்ப நெஜமாவே வந்துடுச்சு."

நான் அந்தத் துண்டை வாங்கி அவருக்கு விசிறினேன். அவர் தானே கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நாற்காலி கட்டிலாகிவிட்டது. கால்கள் வீங்கின. கட்டிலுக்குப் பக்கத்தில் கொக்கியில் ஒரு பை தொங்குகிறது. டியூப் வழியாக எல்லாம் தானாக அதில் இறங்குகிறது. "இனிமே எறங்க வேண்டிய வேலையே இல்லடா, ஓடிக்கினே இருக்கலாம்" என்று முதல்நாள் சொன்னார். அதற்குப்பின் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை போனபோது மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வேர்வையில் நனைந்து கிடந்தார்.

"அந்த டப்பாவ எடு" என்றார். அலமாரியில் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா இருந்தது.

"எதுக்குண்ணே?"

"தடவுடா."

"அதுல ஒண்ணும் இல்லண்ணே. அதான் டாக்டரம்மா…"

"எனக்குத் தெரியும். நீ தடவு."

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். வீங்கிய கால் தலையணை மாதிரி இருந்தது. நகம் அதில் புதைந்து போயிருந்தது. கிளட்சை மிதித்த கால். விரல் நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு அந்த நகத்தில் மெதுவாகத் தடவினேன். பூக்காரம்மா நினைவுக்கு வந்தாள். ஒரு காலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தவில்லை, இன்னொரு காலிலும் தடவினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஜில்லுனு இருக்குதுடா" என்றார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

கை கழுவத் தோட்டத்துப் பக்கம் போனேன். அண்ணி துணி துவைக்கும் கல்லின்முன் நின்று அவருடைய கைலியைக் கும்மிக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினார். சுண்ணாம்பு சுலபத்தில் போகவில்லை.

"தூங்கிட்டாரா தம்பி?"

"தூங்கறாரு அண்ணி."

மறுபடியும் கைலியை எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் இல்லாமல் கல்லிடம் சொல்வது போல, "இதுல இருந்த கறைய எத்தினி தடவ கசக்கியிருப்பேன்" என்றார். "நீங்க ரெண்டு பேரும் பீட்ரூட்டுன்னு பேசிக்கினு இருந்தீங்களே, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி இருந்தே. எங்க வூட்டுல பீட்ரூட்டு வாங்கறதே இல்ல தம்பி. அவருக்கு அந்த வாசன ஆவாது."

கையில் ஊற்றிய தண்ணீர் முழங்கை வழியாக ஓடியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற வெள்ளிக்கிழமைகள் எனக்கு வரிசையாக வந்தன. தட்டை எடுக்க வந்து எடுக்காமல் நின்றது. எங்கள் சிரிப்பு முடிவதற்குள் உள்ளே போனது.

"அவருகிட்ட சொன்னீங்களா அண்ணி?"

"சொன்னேன். சூடுன்னாரு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் வாராவாரம் வந்துக்கினு தானே இருந்தேன்?"

கைலியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டார். நுனியை இழுத்துச் சுருக்கம் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க சிரிச்சிக்கினு இருந்தீங்க."